அடுப்படியையும் கொஞ்சம் பாருங்கள்: கரையோர மண்டப முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலையும் ஆற்றையும் ஒட்டி உணவகம், விருந்து அரங்கம், கல்யாண லான் நடத்தும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். நான் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவன், அரியாங்குப்பம் பக்கம் இருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், கிறிஸ்தவர் வீட்டுப் புதுநன்மை விருந்து என்று உங்கள் இடங்கள் பலவற்றில் அடுப்பு மூட்டியிருக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது. பார்ட்டி முன்வாசல் வழியாக வரும், நாங்கள் பின்வாசல். அதனால் நீங்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒரு பக்கம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்னை, பெங்களூர்க்காரர்கள்கூட இங்கே வந்து கல்யாணம் வைப்பது எதற்காக? தண்ணீருக்காக. மேடைக்குப் பின்னால் சுண்ணாம்பாறு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் கடல் தெரிய வேண்டும். நீங்களும் அதற்கேற்ற மாதிரி புல்தரை, சீரியல் செட், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டு, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு என்று செலவு செய்கிறீர்கள். எல்லாச் செலவும் தண்ணீர் பார்த்த பக்கம். பின்பக்கம் வந்தால் நாலு தகர ஷீட், ஒரு குழாய், மண்தரை, எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாத ஒரு சாக்கடை. நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தச் செலவில் ஒரு பங்கைப் பின்பக்கம் திருப்புங்கள். விருந்து ருசிப்பதும், நீங்கள் காட்டி விற்கிற தண்ணீர் கெடாமல் இருப்பதும் அங்கேதான் முடிவாகிறது.

அந்தத் தண்ணீர் நம் யாருடைய சொத்தும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் கடைசியில் தேங்காய்த்திட்டுப் பக்கம் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கி, காந்தி சிலைக்கு முன்னால் மணல் போய்ப் பாறைதான் மிஞ்சியது. அப்புறம் 2018 வாக்கில் கடலுக்குள் செயற்கைத் திட்டு இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. ஒரு இடத்தில் கல்லைக் கொட்டினால் வடக்கே இருப்பவன் முற்றம் கரையும். உங்கள் லானுக்கு மதில் எழுப்பும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சமையலுக்கு வருகிறேன். முதல் பிரச்சினை காற்று. ஊருக்குள் இருக்கும் மண்டபத்தில் காற்றைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கரையில் வெயில் காலத்தில் நிலம் சூடேற ஏற, மதியத்தை ஒட்டிக் கடல்காற்று உள்ளே ஏறும். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது சுகம். ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் முகூர்த்தச் சாப்பாட்டின் கடைசிப் பந்திகள் ஓடும். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து ஒட்டவைப்பதற்குள் பாதி இலை சுருண்டு பக்கத்து இலைமேல் ஏறிவிடும். மேசையில் விரித்த பேப்பர் ரோல் பாய்மரம்போல எழும்பும். மணல் பரப்பிய லான் என்றால் ரசத்தில் மணல். அப்பளம் பாடு தனிப் பாடு. கரையோர ஈரக் காற்றில் பொரித்து வைத்த அப்பளம் அடுத்த பந்திக்குள் நமுத்துவிடும் என்பதால், பந்திக்குப் பந்தி புதிதாகப் பொரிக்கிறோம். அதற்கு ஒரு அடுப்பு சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்திலேயே வேண்டும். உங்கள் அடுப்படியோ கார் நிறுத்துகிற இடத்துக்கும் அப்பால் இருக்கிறது.

கடல் பக்கம் அடைத்தால் காட்சி போய்விடும் என்று பயப்பட வேண்டாம். இலை இருப்பது மேசை உயரத்தில், அதாவது சுமார் இரண்டரை அடி. உட்கார்ந்திருப்பவர் கண் நாலு அடி உயரத்தில். மூன்றரை அடிக்கு ஒரு கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டிவிட்டால் இலைமேல் அடிக்கும் காற்று அடங்கும், தண்ணீரும் தெரியும். கண்ணாடி வைத்தால் இன்னும் அழகு, அது உங்கள் பணம். கொஞ்சம் இடம் இருக்கிறவர்கள் பக்கவாட்டில் சவுக்கு நட்டு வைக்கலாம். நம் கரையில் காற்றைத் தாங்க அதைவிட நல்ல மரம் நான் பார்த்ததில்லை.

அடுப்படிக்கு மூன்று பக்கமாவது சுவர் வேண்டும். திறந்த கொட்டகையில் காற்று தீயை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். அண்டாவில் ஒரு பக்கம் சோறு குழையும், மறுபக்கம் அரிசி முனை முறியாமல் நிற்கும். சிலிண்டரும் கூடுதலாகப் போகும், அந்தச் செலவு கடைசியில் பெண் வீட்டார் தலையில் விழும். காற்றைத் தடுக்க எங்கள் பசங்கள் கைக்குக் கிடைத்த அட்டைப்பெட்டியையும் பழைய ஃப்ளெக்ஸையும் அடுப்பைச் சுற்றி நிறுத்துவார்கள். ஒரு மண்டபத்தில் அந்த ஃப்ளெக்ஸ் பற்றிக்கொண்டது. நல்ல வேளையாக ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்டபத்துக்காரர் மறுநாள் பில்லில், தரை கருகியதற்கு என்று ஒரு தொகையைச் சேர்த்திருந்தார்!

அடுத்தது சமைக்கிற தண்ணீர். கரையை ஒட்டிப் போர் போட்டால் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். நாம் உறிஞ்ச உறிஞ்ச நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது, நம் கரையில் பல ஊரில் இதே கதை. அந்தக் கடின நீரில் துவரம்பருப்பு வேகாது. எவ்வளவு கொதித்தாலும் பருப்பு தனி, தண்ணீர் தனி. சோறும் லேசாக மஞ்சள் தட்டும். காபியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பதே அங்கேதான் தொடங்கும். உங்கள் நோட்டீஸில் தண்ணீர் வசதி உண்டு என்று போட்டிருக்கிறது. அதை நம்பி வந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு டேங்கருக்குப் போன் போட்டு அலைவது எங்களுக்குப் பழகிவிட்டது. மூடி போட்ட ஒரு நல்ல தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து அடுப்படிக்குத் தனிக் குழாய். வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

வருகிற தண்ணீரைவிடப் போகிற தண்ணீர்தான் பெரிய தலைவலி. ஆற்றங்கரை இடங்கள் சிலவற்றில் கை கழுவும் தொட்டியின் குழாயும், பாத்திரம் தேய்க்கும் இடத்து வாய்க்காலும் நேராகக் கரையை நோக்கிப் போகின்றன. சுண்ணாம்பாறும் அரியாங்குப்பம் ஆறும் சங்கராபரணியின் கிளைகள். கடைசிப் பகுதியில் இரண்டும் கழிமுகம், கடல் ஏறி இறங்கும் இடம். கடலூரில் கெடிலமும் உப்பனாறும் அப்படித்தான். நாளுக்கு இரண்டு முறை ஏற்றம் வரும்போது தாழ்வாக வைத்த குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும், மேலிருந்து விடுவது இறங்காது. மாலை ரிசப்ஷன் நேரத்தில் ஏற்றம் வந்தால், மதியம் அனுப்பிய சாம்பாரும் எண்ணெயும் கை கழுவுகிற இடத்துக்கே திரும்பி வரும். பட்டுப்புடவையோடு வந்த அம்மாமார்கள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். மேனேஜர் எங்களைத்தான் திட்டினார், சோற்றைக் கொட்டி அடைத்துவிட்டோமாம்.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். அடுப்படிக்கு வெளியே மூன்று தொட்டி வரிசையாகக் கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் அடிப்பக்கமாகப் போகிற மாதிரி குழாய் வைத்தால் போதும். எண்ணெய் மேலே மிதந்து நிற்கும், அதை வாரி எடுத்துவிடலாம். சோற்றுப் பருக்கை அடியில் தங்கும். மிச்சத் தண்ணீரைச் சுத்தம் செய்து செடிக்கு விடுங்கள், இல்லாவிட்டால் கழிவுநீர் வண்டியைக் கூப்பிடுங்கள். ஆற்றுக்கு மட்டும் வேண்டாம். மாசு கட்டுப்பாட்டு அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்தில் இதெல்லாம் ஏற்கெனவே அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். வரைந்ததைக் கட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

குப்பை விஷயத்தில் எங்கள் மேலும் பாதிப் பழி உண்டு, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்சில் இலையும் சோறும் மட்டும் என்றால் குழி வெட்டி மூடினாலே மண்ணாகிவிடும். கெடுப்பது அதோடு கலக்கிற குட்டி வாட்டர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கப்பும். ஒருமுறை வீசும் பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன், ஸ்ட்ரா, அலங்காரத்துக்கான தெர்மாகோல் எல்லாவற்றுக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தெர்மாகோல் அன்னப்பறவை இன்னும் மேடையில் நிற்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். கடற்கரை மணலில் திடீரென்று பந்தல் போடுகிறவர்கள் கவனிக்க. அப்புறம் மணமக்கள் நடந்து வரும்போது வெடிக்கிறார்களே, அந்தப் பளபளப்புத் தூள் காகிதமே இல்லை, பிளாஸ்டிக். காற்றோடு நேராகத் தண்ணீருக்குப் போகிறது. எந்தத் துடைப்பமும் அதைக் கூட்டாது.

ஒரு கிளைக்கதை. எங்கள் ஊர் ஆற்றங்கரையில் அரிக்கமேடு என்ற பழங்காலத் துறைமுகம் இருக்கிறது. 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, காலத்தைக் கணிக்க அவருக்குக் கைகொடுத்தது என்ன தெரியுமா? சாப்பாட்டுத் தட்டு. இத்தாலியில் செய்த சிவப்பு மண்தட்டுகளின் உடைசல்கள், கூடவே திராட்சை மது வந்த இரண்டு கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள். கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னால் நம் ஆற்றங்கரையில் யாரோ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகக் குடித்து, தட்டை உடைத்தும் போட்டிருக்கிறார்கள். தொழில் பழையது என்பதில் எனக்கு ஒரு பெருமைதான். அவர்கள் விட்டுப்போனது சுட்ட மண் என்பதால் அருங்காட்சியகத்தில் வைக்கிறோம். நம்முடைய பாட்டில் மூடிகளைத் தோண்டி எடுக்கப்போகிறவன் என்ன சொல்வானோ.

ஆடி, புரட்டாசி, மார்கழி போனால் மற்ற மாதமெல்லாம் நமக்கு வேலை. கரைக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு, அதையும் பார்த்து நடத்த வேண்டியிருக்கிறது.

தை முதல் பங்குனி வரை ஆமை ஏறும் காலம். நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்றே சொல்வார்கள். ராத்திரியில் மணலுக்கு ஏறி, குழி தோண்டி, நூறு முட்டை வாக்கில் இட்டுவிட்டுப் போகும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளியே வரும். இருட்டில் கடல் பக்கத்து வானம்தான் கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும், குஞ்சுக்கு அதுதான் வழிகாட்டி. உங்கள் ஃபோகஸ் லைட்டும் எல்இடி சுவரும் எரிந்தால் அது கடலை விட்டு உங்கள் பார்க்கிங்கை நோக்கி நடக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்து எழுதப்பட்ட உயிர் அது. கடலை ஒட்டி இடம் வைத்திருப்பவர்கள் தையிலிருந்து கடைசிக் குஞ்சு கடலுக்கு இறங்கும் வரையாவது விளக்கை உள்பக்கம் திருப்பி, மேலே மூடி போட்டு, விருந்து முடிந்ததும் அணைத்துவிடுங்கள். கரண்ட் பில்லும் குறையும்.

சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில்தான் லீவுக்கு வந்த கூட்டம், பக்கத்தில் கடல் இருக்கிறது, மீன் துடிக்கத் துடிக்க இருக்கும் என்று நம்பி உங்கள் உணவகத்தில் வஞ்சிரம் கேட்கிறது. நீங்களும் மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததை, காலையில் பிடித்தது என்று வைக்கிறீர்கள். எதற்கு இந்தப் பொய்? தடைக் காலத்திலும் நாட்டுப்படகும் கட்டுமரமும் பக்கத்தில் போய் வருகின்றன. மத்தி வரும், நெத்திலி வரும், கழிமுகத்து இறாலும் நண்டும் மடவையும் வரும். வாசலில் ஒரு பலகையில் இன்றைக்கு எது வந்தது என்று சாக்பீஸால் எழுதிப் போடுங்கள். மடவைக் குழம்பு சாப்பிடாமல் கடலூரை விட்டுப் போகிறவன் ஊரையே பார்க்கவில்லை என்பது என் கட்சி. அதை மெனுவில் வைக்காத ஆற்றங்கரை உணவகங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. நல்ல கார்த்திகை முகூர்த்த சீசன் அது. உங்கள் ஒப்பந்தத் தாளிலோ, எந்தக் காரணத்துக்கும் அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது என்று ஒரு வரி. சாலையே மூழ்கிக் கிடக்கும்போது அந்த வரியைக் காட்டுவது நியாயமா? ஒரு யோசனை சொல்கிறேன். கடலூர், புதுச்சேரி இரண்டு துறைமுகத்திலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்றும் இரண்டும் தூரத்துப் புயலுக்கு. மூன்றாம் எண் ஏறினால் நம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்று கணக்கு. மூன்று ஏறிவிட்டால் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அட்வான்ஸ் அப்படியே நிற்கும் என்று எழுதுங்கள். யாரும் வாதாட முடியாத அளவுகோல். கட்டிய பணம் உங்களிடமே இருக்கும், பெண்ணைப் பெற்றவருக்குத் தூக்கமும் வரும்.

சத்தத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு விதி. மூடிய அரங்கத்துக்கு இருக்கும் சலுகை புல்தரைக்குப் பொருந்தாது. தண்ணீர் மேல் சத்தம் வெகுதூரம் போகும். வீராம்பட்டினத்திலும் தேவனாம்பட்டினத்திலும் விடியலுக்கு முன்னால் படகு தள்ளப் போகிறவர்கள் தூங்குகிற நேரம் அது. அவர்கள் வலை காயப்போடும் மணலில் பார்ட்டிக்காகக் கயிறு கட்டி மறிப்பதையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடல் பார்த்த மேசை போட்டிருக்கும் உணவகக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. கேட்டு வாங்குங்கள், கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். ஆனால் வாங்கியது பரிமாறுகிற பையனுக்கும் உள்ளே தட்டு கழுவுகிறவருக்கும் போய்ச் சேரட்டும். எங்கள் குழுவிலிருந்து உணவக வேலைக்குப் போன பசங்கள், அந்தக் காசைக் கண்ணாலும் பார்த்ததில்லை என்கிறார்கள்.

எங்கள் ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காய் நறுக்கவும் பாத்திரம் தேய்க்கவும் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் வயதானவர்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுவார்கள். விடியற்காலை இட்லிக்கு ராத்திரி இரண்டு மணிக்கே அடுப்பு எரிய வேண்டும். நடுவில் படுக்க இடம் கிடையாது, காய்கறி மூட்டையில் சாய்ந்துகொள்வார்கள். விருந்தாளிகள் கழிப்பறையை ராத்திரி பூட்டி, சாவியை வாட்ச்மேன் வீட்டுக்கு எடுத்துப் போகிற மண்டபங்கள் இருக்கின்றன. அப்போது அந்த அம்மாக்கள் எங்கே போவார்கள்? இருட்டில், ஆற்றங்கரைக்கு, கல்யாண ஃபோட்டோவுக்காக நீங்கள் கட்டிய அதே படிக்கட்டில் இறங்கி. பாசி பிடித்த படி. ஒரு தடவை எங்கள் அக்கா ஒருவர் வழுக்கி விழுந்து கை முறிந்தது. வைத்தியச் செலவை நாங்கள் பார்த்துக்கொண்டோம், மண்டபத்தில் யாரும் கேட்கவுமில்லை.

தொட்டி கட்டுவதையும் தட்டி அடைப்பதையும் முகூர்த்தம் இல்லாத மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். எதை எங்கே வைப்பது என்று பார்க்க எங்கள் தொழிலில் யாரையாவது கூப்பிடுங்கள். கூலி வேண்டாம், ஒரு டீ போதும். கழிப்பறைக்கு மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். சாவிக்கு ஒரு ஆணி அடுப்படிச் சுவரில், அந்த வழிக்கு ஒரு பல்பு. இந்த வாரமே அடித்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பின்வாசல் வழியாக வரும் சமையல்காரன்,
அரியாங்குப்பம்